அடுப்பு என்று எதைச் சொல்கிறோம்? நெருப்பையா, இடத்தையா, சுற்றி உட்காரும் ஆட்களையா?

தணல் எழுதியது:

கொஞ்ச காலமாக அடுப்பைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். சமையலறைக்குள் அடங்குகிற விஷயமாக அது தெரியவில்லை. ஓர் அரசு குடிகளைக் கணக்கெடுக்க அடுப்புகளை எண்ணியிருக்கிறது. இன்னோர் அரசு அடுப்புக்கு வரி போட்டிருக்கிறது. பண்டைய ரோமில் ஊருக்கே பொதுவாக ஓர் அடுப்பு இருந்தது. அது அணைந்துபோனால் நாட்டுக்கே கேடு என்று நம்பினார்கள். மங்கோலியரிடம் தந்தையின் அடுப்பு கடைசி மகனுக்குப் போகும். செங்கிஸ் கானுக்குப் பட்டத்து மனைவி பெற்ற மகன்களில் இளையவரான தொலுய்க்குத் தந்தையின் சொந்த மண் வந்து சேர்ந்தது அந்த முறையில்தான்.

ஒரே பொருள் எப்படி வரிக்கணக்கிலும், வழிபாட்டிலும், சொத்துரிமையிலும் போய் உட்கார்ந்தது? என் எண்ணத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். காட்டில் தீப்பிடித்தால் அதை யாரும் அடுப்பு என்று சொல்வதில்லை. வழிப்போக்கர் ஒருநாள் குளிருக்கு மூட்டிவிட்டுப் போனதும் முழு அடுப்பு ஆகாது. நெருப்புக்கு ஓர் எல்லை கட்டி, அதே இடத்தில் மறுபடி மறுபடி மூட்டும்போதுதான் அது அடுப்பு. ஆகவே அடுப்பு என்பது முதலில் ஓர் இடம். இடம் நிலைத்ததால்தான் அதை எண்ண முடிந்தது, அதற்கு வரி போட முடிந்தது, அதைப் பிள்ளைக்குக் கொடுக்க முடிந்தது.

இங்கே பல துறைக்காரர்கள் இருக்கிறீர்கள். உங்கள் துறையில் அடுப்பு என்பது என்ன? என் கருத்துக்குப் பொருந்தாதது இருந்தால் அதைத்தான் முதலில் கேட்க விரும்புகிறேன்.

---

அகழ்வுக்குழி எழுதியது:

நல்ல இழை, தணல் அக்கா. அகழாய்வில் அடுப்பு கிடைத்தால் அன்று குழியில் எல்லோரும் அங்கேதான் நிற்போம். ஏன் என்று சொல்கிறேன்.

மனிதர் நெருப்பைப் பயன்படுத்தியதற்கும் அடுப்பு வைத்திருந்ததற்கும் இடையில் நீண்ட காலம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுப் பழமையான அடுக்கில், வாசலிலிருந்து சுமார் 30 மீட்டர் உள்ளே, சாம்பலும் எரிந்த எலும்பும் கிடைத்தன. அவ்வளவு உள்ளே காட்டுத்தீ போகாது. ஆகவே நெருப்பு மனிதரோடு உள்ளே வந்தது என்கிறார்கள். ஆனால் அதை அடுப்பு என்று நான் சொல்லமாட்டேன். இஸ்ரேலின் கெசெம் குகையில் சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒன்று இருக்கிறது. குகையின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 4 சதுர மீட்டர் பரப்பில், சாம்பல் மேல் சாம்பலாகப் படிந்த அடுக்குகள். பக்கத்திலேயே இறைச்சி வெட்டிய கற்கருவிகள், சுட்ட எலும்புத் துண்டுகள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து மூட்டியிருக்கிறார்கள். இதை அடுப்பு என்று தயங்காமல் சொல்வேன். உங்கள் அளவுகோலும் இதுதான், இல்லையா?

இன்னொன்று. சாம்பல் காற்றில் போய்விடும், மழையில் கரையும். பல இடங்களில் அடுப்பே இருக்காது. ஆனாலும் அது இருந்த இடத்தைச் சொல்லிவிடலாம். இஸ்ரேலிலேயே கெஷெர் பெனோத் யாகோவ் என்ற இடத்தில், 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் அளவுக்குப் பழைய அடுக்கில், தீயில் வெந்து வெடித்த நுண்ணிய தீக்கல் சிம்புகள் எங்கும் சிதறாமல் சில இடங்களில் மட்டும் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. அந்தக் கொத்துகள்தான் அடுப்பின் அடையாளம். நெருப்பு போய்விட்டது, அதன் எல்லையும் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கல் செதுக்கியவரின் கழிவு மட்டும் இருக்கிறது.

---

உலைமேடை எழுதியது:

நான் இரும்பாலையில் பிளாஸ்ட் ஃபர்னஸ், அதாவது தாதை உருக்கி இரும்பெடுக்கும் உலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களிடமும் ஹார்த் உண்டு, ஆங்கிலத்தில் அடுப்புக்கு உள்ள அதே சொல்தான். உலையின் அடிவயிறு. மேலே தாதும் கோக்கும் சுண்ணாம்புக்கல்லும் கொட்டுகிறோம், பக்கவாட்டில் ட்வீயர் என்ற ஊதுகுழல் வழியாகச் சுடுகாற்று ஊதுகிறோம், உருகிய இரும்பு சொட்டுச் சொட்டாக இறங்கி ஹார்த்தில் தேங்குகிறது. கசடு இலேசானது, இரும்பின் மேல் மிதக்கும். தேவையான நேரத்தில் டாப் ஹோல் என்ற வடிதுளையைத் துளைத்து வடிக்கிறோம். வெளியே வரும் இரும்பு கிட்டத்தட்ட 1,500 டிகிரி செல்சியஸ்.

தணல் சொன்ன ‘இடம்’ எங்களுக்கு அப்படியே பொருந்தும். பிளாஸ்ட் ஃபர்னஸை ஒருமுறை மூட்டினால் 15, 20 ஆண்டுகள் தொடர்ந்து ஓடும். அத்தனை ஆண்டும் உலையின் ஆயுளைத் தீர்மானிப்பது ஹார்த்தின் கார்பன் செங்கல்தான். மற்ற எதையும் ஓட்டத்தில் சரிசெய்யலாம், குளிர்நீர்ப் பலகையை மாற்றலாம், ட்வீயரை மாற்றலாம். அடியில் செங்கல் தேய்ந்தால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. செங்கலுக்குள் பதித்த தெர்மோகப்பிள் காட்டும் வெப்பத்தை வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கணக்குப் போடுவோம். ஓரிடத்தில் வெப்பம் ஏறினால் டைட்டானியம் கலந்த தாதைக் கொஞ்சம் சேர்த்துப் போடுவோம். அது கீழே போய், தேய்ந்த இடத்தில் கெட்டியாகப் படிந்து செங்கலைக் காக்கும். புண்ணுக்குப் பொருக்கு கட்டுகிற மாதிரி.

உலையை நிரந்தரமாக நிறுத்தும்போது டாப் ஹோலுக்குக் கீழே வடியாமல் நிற்கிற இரும்பு அப்படியே உறைந்துவிடும். அதற்கு எங்கள் தொழிலில் சாலமாண்டர் என்று பெயர். நூற்றுக்கணக்கான டன் இருக்கும். அதை வெட்டி எடுப்பது உலை கட்டுவதைவிடத் தலைவலி. பழைய ஹார்த்தின் தேய்ந்த உள்வடிவம் முழுக்க அந்தக் கட்டியின் மேல் அச்சாகப் பதிந்திருக்கும். அகழாய்வு நண்பருக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஓபன் ஹார்த் என்ற எஃகு உலையும் இருந்தது. சீமென்ஸ் சகோதரர்களின் வெப்பச் சேமிப்பு முறையை வைத்து 1865-இல் பிரான்சில் பியர்-எமில் மார்தான் எஃகு உருக்கிக் காட்டினார். அகலமாக, ஆழம் குறைந்த படுகையில் இரும்பு கிடக்கும், சுடர் மேலே பாயும். ஒரு தடவை உருக்கி முடிக்க 8 முதல் 12 மணிநேரம். அவ்வளவு மெதுவாக இருந்ததே அதற்குப் பலம், ஏனென்றால் நடுவில் மாதிரி எடுத்துப் பார்த்துக் கலவையைத் திருத்த நேரம் கிடைக்கும். பிறகு ஆக்சிஜன் ஊதும் முறை முக்கால் மணிநேரத்துக்குள் அதே வேலையை முடித்ததும் ஓபன் ஹார்த் அநேகமாகப் போய்விட்டது.

---

குடிக்கணக்கு எழுதியது:

வரி பற்றிச் சொன்னதால் வருகிறேன். மக்கள்தொகை வரலாறு படிக்கிற எங்களுக்கு அடுப்புதான் அடிப்படை அலகு.

1328-இல் பிரெஞ்சு அரசரின் அதிகாரிகள் ஊர்களையும் அடுப்புகளையும் எண்ணி ஒரு பட்டியல் தயாரித்தார்கள். 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதிகள்), ஏறத்தாழ 24 லட்சத்து 70 ஆயிரம் அடுப்புகள். சண்டை இங்கேதான் தொடங்குகிறது. ஓர் அடுப்புக்கு எத்தனை பேர்? 4 என்று வைத்தால் சுமார் 99 லட்சம் பேர். 5 என்று வைத்தால் 1 கோடியே 23 லட்சத்தைத் தாண்டும். ஒரே பட்டியல், ஒரு எண் மாறியதில் 24 லட்சம் உயிர்கள் கூடுகின்றன. அதோடு, பெரிய பிரபுக்களின் நிலங்கள் பல அந்தக் கணக்கில் சேரவே இல்லை. அடுப்பை எண்ணுவது எளிது, அடுப்பைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பது கடினம்.

இங்கிலாந்தில் 1662-இல் இரண்டாம் சார்லஸ் காலத்தில் அடுப்பு வரி வந்தது. ஒவ்வோர் அடுப்புக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங், இரண்டு தவணையாக. ஏழைகளுக்கு விலக்கு உண்டு. பணத்தைவிட மக்களுக்கு ஆத்திரம் மூட்டியது வேறு: அடுப்பை எண்ண அதிகாரி வீட்டுக்குள் வர வேண்டும். நிலவரிக்குக் கொல்லையில் நின்று அளந்தால் போதும், இதற்குச் சமையலறை வரை வருவான். சிலர் அடுப்பை அடைத்துவிட்டு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினார்கள். 1689-இல் வில்லியமும் மேரியும் பட்டமேற்றதும் வரியை நீக்கினார்கள். நீக்கிய சட்டமே அதை மக்கள் மேல் சுமத்திய அடிமைச் சின்னம் என்று சொல்கிறது. இன்றைக்கு அந்த வரிப்பட்டியல்தான் எங்களுக்குப் பொக்கிஷம். ஓர் ஊரில் ஓரடுப்பு வீடு எத்தனை, பத்தடுப்பு மாளிகை எத்தனை என்று பார்த்தால் அந்த ஊரின் செல்வமும் வறுமையும் தெரிந்துவிடும்.

இன்றும் இது விட்டுப்போகவில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் கணக்கெடுப்பு வரையறையில் ஒரே குடும்பம் என்பது உணவுக்கும் வாழ்வுக்கு வேண்டிய மற்றவற்றுக்கும் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்பவர்கள். இரத்த உறவு கட்டாயம் இல்லை. ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி தனித்தனியாகச் சமைத்தால் கணக்கில் இரண்டு குடும்பம்.

---

நூலளவு எழுதியது:

தணல், உங்கள் கருத்துக்குப் பொருந்தாததைக் கேட்டீர்கள். வழிபாட்டு நெருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நிலைப்பது இடமா, நெருப்பா?

கிரேக்க நகரங்களில் பொது மண்டபத்தில் அடுப்புத் தெய்வமான ஹெஸ்தியாவின் அடுப்பு எரியும். குடியேற்றத்துக்குப் புறப்பட்டவர்கள் அந்த அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துக் கப்பலேறினார்கள். புதிய நகரத்தின் அடுப்பை அந்த நெருப்பில்தான் மூட்டினார்கள். பாரசீகத்தில் தோன்றிய ஜரதுஷ்டிர சமயத்தாரிடம் உயர்நிலை நெருப்பான ஆதஷ் பெஹ்ராமை நிறுவ 16 வகை நெருப்புகளைச் சேகரித்துத் தூய்மைப்படுத்திச் சேர்க்க வேண்டும். தொழிலாளர் உலைகளின் நெருப்பு முதல் மின்னல் விழுந்து பற்றிய நெருப்பு வரை. ஒருமுறை நிறுவிய நெருப்பை ஆபத்துக் காலத்தில் இடம் மாற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். இடம் போனாலும் நெருப்பு அதே நெருப்பு.

வைதிக மரபில் மூன்று தீ. கார்ஹபத்தியம் வட்டம், ஆகவனீயம் சதுரம், தட்சிணாக்கினி அரைவட்டம். கார்ஹபத்தியம் இல்லறத்தின் தீ. ஆகவனீயத்துக்கு நெருப்பு அதிலிருந்துதான் போகும். வடிவம் வேறானாலும் மூன்றின் பரப்பும் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. இதற்காகவே சதுரத்தை வட்டமாக்கும் கணக்கு பிறந்தது. வேள்விமேடை அளவுகளுக்கு நூல் எழுதிய பௌதாயனர் முறை: சதுரத்தின் நடுவிலிருந்து மூலைவரை கயிறு பிடி, பக்கத்தின் நடுவரை உள்ள தூரத்தைவிட அது எவ்வளவு கூடுதல் என்று பார், அந்தக் கூடுதலில் மூன்றில் ஒரு பங்கைப் பாதிப்பக்க அளவோடு சேர், அதுதான் வட்டத்தின் ஆரம். பக்கம் 2 என்றால் பாதிப்பக்கம் 1, மூலைவரை 1.414, கூடுதல் 0.414, அதில் மூன்றில் ஒன்று 0.138. ஆரம் 1.138. பரப்பு சுமார் 4.07 வருகிறது, வேண்டியது 4. நூறில் இரண்டுகூடப் பிசகவில்லை. வெறும் கயிற்றாலும் முளைக்குச்சியாலும் அளந்த காலத்தில் இது. அடுப்பின் வடிவத்துக்காக இவ்வளவு யோசித்தவர்கள் இருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ரோமைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். வெஸ்டா கோவிலுக்குள் சிலை இல்லை, நெருப்பே தெய்வம். ஆறு கன்னியர் முறைவைத்துக் காத்தார்கள், ஆளுக்கு 30 ஆண்டுப் பணி. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை, அவர்களின் பழைய புத்தாண்டான மார்ச் 1-இல், அந்த நெருப்பைப் புதிதாக மூட்டினார்கள். ஆகவே ‘அணையாத நெருப்பு’ என்பதும் உண்மையில் புதுப்பிக்கப்பட்ட நெருப்புதான்.

---

புகைக்கண் எழுதியது:

எல்லாம் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இவ்வளவு பதிவில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதுகிற ஆள் எங்கே? நான் பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்கிறவள், அதனால் இதைச் சொல்லாமல் போக முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இன்றும் சுமார் 210 கோடி பேர் திறந்த நெருப்பிலோ, விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் எரியும் தரமற்ற அடுப்பிலோ சமைக்கிறார்கள். அந்தப் புகையால் 2020-இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள், அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். காற்றோட்டம் இல்லாத வீட்டில் நுண்துகள் அளவு ஏற்கத்தக்க அளவைப்போல் 100 மடங்குவரை போகும். யார் சுவாசிக்கிறார்கள்? சமைக்கிற பெண், மடியில் இருக்கிற பிள்ளை. நுரையீரல் அடைப்பு நோய், குழந்தைகளுக்கு நிமோனியா, கண்புரை, இதயநோய் எல்லாம் இதிலிருந்து வருகின்றன. விறகு பொறுக்கப் போகிற நேரம் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

ஹெஸ்தியாவுக்கு வழிபாடு, சரி. வரிப்பட்டியலில் வீட்டுத்தலைவன் பெயர், சரி. அந்த அடுப்பை மூட்டியவள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

---

தணல் எழுதியது:

புகைக்கண், இது இழைக்கு வேண்டிய கேள்வி. கணவன் இறந்து குடும்பத் தலைவியானவள் பெயர் அந்த வரிப்பட்டியல்களில் வருகிறது என்று படித்திருக்கிறேன். மற்றபடி நீங்கள் சொல்வது சரி. அடுப்பைக் குடும்பத்தின் அடையாளமாக வைத்த பல மரபுகளிலும் அதைக் காக்கும் வேலை பெண்ணுடையது, அதன்மேல் உள்ள உரிமை பெரும்பாலும் ஆணுடையது. மங்கோலிய எடுத்துக்காட்டை நானே சொன்னேன், அங்கேயும் ‘மகனுக்கு’ என்றுதான் முடிகிறது. வட ஜப்பானின் பழங்குடிகளான ஐனு மக்களிடம் அடுப்புத் தெய்வம் ஒரு மூதாட்டி, கமுய் ஃபுச்சி. மனிதர் மற்றத் தெய்வங்களோடு பேசுவதே அவள் வழியாகத்தான். பெருமை அவ்வளவு பெரிது. ஆனால் இரவில் நெருப்புக் கங்குகளைச் சாம்பலால் மூடி, காலையில் கிளறிச் சுள்ளி வைத்து எழுப்புவது வீட்டுப் பெண்ணின் வேலை.

ஒன்று கேட்கிறேன். புகைதான் கேடு என்றால், விறகடுப்பையே புகையில்லாமல் செய்ய முடியாதா? மூன்றுகல் இதைப் பற்றிச் சொல்லலாமே.

---

மூன்றுகல் எழுதியது:

கூப்பிட்டதற்கு நன்றி. அடுப்பு வடிவமைப்பில் எல்லோரும் தடுக்கி விழுகிற ஓர் இடம் இருக்கிறது, அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பானைக்குள் போய்ச் சேர்வது பொதுவாக 10 முதல் 15 விழுக்காடு. இதைக் கேட்டதும் ‘விறகு சரியாக எரியவில்லை’ என்று நினைப்பார்கள். அப்படியில்லை. விறகில் உள்ள ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கேயே எரிந்து வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பம் பானைக்குப் போகாமல் பக்கத்தில் ஓடிவிடுவதுதான் சிக்கல். புகையாகப் போவது ஆற்றல் கணக்கில் மிகச் சொற்பம். ஆனால் ஆளைக் கொல்வது அந்தச் சொற்பம்தான்.

ஆகவே இரண்டு வேலை: விறகை மிச்சப்படுத்துவது ஒன்று, புகையைக் குறைப்பது ஒன்று. இரண்டும் எதிரெதிராக இழுக்கும். பானையை நெருப்புக்கு நெருக்கமாக இறக்கினால் வெப்பம் நன்றாக ஏறும், விறகு மிச்சம். ஆனால் சுடர் எரிந்து முடிவதற்குள் குளிர்ந்த பானையில் முட்டி அணையும், கரியும் புகையும் கூடும். பானையை உயர்த்தினால் சுடர் முழுசாக எரியும், வெப்பம் வெளியே போகும். காய்ந்த விறகின் எடையில் நான்கில் மூன்று பங்கு சூட்டில் ஆவியாகக் கிளம்புகிறது. அந்த ஆவி எரிய இடமும் காற்றும் சூடும் வேண்டும்.

1980-களில் லாரி வினியார்ஸ்கி வகுத்த ராக்கெட் அடுப்பு இதற்கு ஒரு வழி கண்டது. முழங்கை மாதிரி வளைந்த எரிகுழல், கீழே படுக்கையாக விறகு, மேலே நிமிர்ந்த சிறு புகைவழி. குழலைச் சுற்றிக் கனமில்லாத, வெப்பம் கடத்தாத பொருள். உள்ளே சூடு நிற்பதால் ஆவி அங்கேயே எரிந்துவிடும். அப்புறம் பானையைச் சுற்றி ஒரு தகட்டுச் சட்டை, நடுவில் குறுகிய இடைவெளி. சூடான காற்று பானையைத் தேய்த்துக்கொண்டு போயாக வேண்டும். முந்தைய தலைமுறை ‘மேம்பட்ட’ களிமண் அடுப்புகள் பல தோற்றதற்குக் காரணம் மண்ணின் கனம். கனத்த மண் வெப்பத்தைத் தானே குடித்துவிடும். காலையில் அதைச் சூடேற்றவே பாதி விறகு போகும்.

இதையெல்லாம் செய்து கொடுத்த பிறகும் பலர் பழைய திறந்த அடுப்பை விடுவதில்லை. சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று அதிகாரிகள் குறைப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திறந்த நெருப்பு வெளிச்சம் தருகிறது, குளிருக்குக் கணப்பாகிறது, பூச்சியை விரட்டுகிறது, கூரையில் தொங்கும் விதையை உலர்த்திக் காக்கிறது, துணியை உலர்த்துகிறது, சாம்பலைத் தருகிறது. புதிய அடுப்பு சமையலை மட்டும் பார்க்கிறது. மற்ற வேலைகளுக்கு மாற்று கொடுக்காமல் பழையதை விடு என்றால் எப்படி விடுவார்கள்?

புகைபோக்கி வைத்த வடகிழக்கு ஆசிய வீடுகள் இதில் கெட்டிக்காரத்தனமாக இருந்தன. கொரியாவின் ஓண்டோல் முறையில் சமையல் அடுப்பின் சூடும் புகையும் தரைக்கற்களுக்கு அடியில் ஓடி மறுபக்கம் புகைபோக்கியில் வெளியேறும். சமைத்த நெருப்பே படுக்கிற தரையையும் சூடாக்கிவிடும், அறைக்குள் புகை இல்லை.

---

அகழ்வுக்குழி எழுதியது:

கூரையில் உலர்த்துவது பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. தென் இங்கிலாந்தில் புகைபோக்கி வருவதற்கு முன் கட்டிய சில வீடுகளின் ஓலைக்கூரையில் அடியடுக்கு அப்படியே இருக்கிறது. நடுக்கூடத்து அடுப்பின் புகை ஏறி ஏறிக் கருத்துப்போன வைக்கோல். புழுவும் அரிக்கவில்லை. மத்திய காலத்தில் அந்த வயல்களில் என்ன கோதுமை, என்ன களை வளர்ந்தது என்பதைக் கதிரோடு அதில் பார்க்க முடிகிறது.

‘இடமா, நெருப்பா’ என்று நூலளவு கேட்டதற்கு என் பக்கத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. களிமண் தரையில் இரும்பு ஆக்சைடு துகள்கள் உண்டு. அடுப்பில் தரை நன்றாகச் சூடேறி மேக்னடைட்டுக்கு 580 டிகிரி, ஹெமடைட்டுக்கு 675 டிகிரி அளவைத் தாண்டினால் அவற்றின் பழைய காந்தத் திசை அழிந்துவிடும். ஆறும்போது, அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசை மண்ணில் பதியும். பூமியின் காந்தத் திசை காலந்தோறும் நகர்கிறது, அதனால் அந்தப் பதிவை வைத்து அடுப்பு கடைசியாக எப்போது ஆறியது என்று சொல்லலாம்.

மாதிரி எடுக்கும் விதம் இதில் முக்கியம். அடுப்பின் வெந்த தரையில் சிறு துண்டைச் சுற்றி வெட்டித் தூண்போல நிற்க வைப்போம். அசைக்காமல் அதன் தலையில் பிளாஸ்டர் ஊற்றி, மட்டம் பார்த்துத் தட்டையாக்கி, மேலே வடக்குக் கோட்டைக் கீறிய பிறகுதான் பெயர்த்தெடுப்போம். அடுப்பு ஒரு விரலளவு நகர்ந்திருந்தாலும் திசை வீண். பெயர்ந்து கிடக்கும் செங்கலிலிருந்து காந்தத்தின் வலிமை கிடைக்கும், திசை கிடைக்காது. இருந்த இடத்திலேயே இருக்கும் அடுப்புதான் எங்களுக்குக் காலம் சொல்லும். ஒவ்வொரு முறை சூடேறும்போதும் பழைய பதிவு அழிந்து புதியது எழுதப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். நூற்றாண்டுக் கணக்கில் எரிந்த அடுப்பிலும் கிடைப்பது கடைசி நெருப்பின் திசை மட்டுமே.

ஆனாலும் தணல் அக்கா, ‘இடம்’ என்பதை நான் கொஞ்சம் திருத்திச் சொல்வேன். அலாஸ்காவின் நுனமியுட் வேட்டைக்காரர்கள் வெளியிடத்தில் அடுப்பைச் சுற்றி எப்படி உட்காருகிறார்கள் என்று லூயிஸ் பின்ஃபோர்ட் நேரில் பார்த்து 1978-இல் எழுதினார். புகை வராத பக்கமாக அரைவட்டத்தில் உட்காருவார்கள். சிறு எலும்புச் சிம்பும் செதுக்கலும் கைநழுவிக் காலடியிலேயே விழும். பெரிய எலும்பை முன்னால் அடுப்பைத் தாண்டியோ முதுகுக்குப் பின்னாலோ எறிவார்கள். ஆகவே ஓர் அடுப்பைச் சுற்றி நுண்கழிவு ஒரு வளையம், பெருங்கழிவு அதற்கப்பால் ஒரு வளையம். காற்று திரும்பினால் ஆட்கள் எழுந்து மறுபக்கம் போய் உட்காருவார்கள். நூறாயிரம் ஆண்டுக்கு முந்தைய முகாமிலும் இந்த வளையங்களைத் தேடித்தான் அடுப்பைக் கண்டுபிடிக்கிறோம். மங்கோலியக் கூடாரம் ஆண்டுக்குப் பலமுறை பெயர்கிறது, அடுப்பு எப்போதும் அதன் நடுவில். நிலத்தில் இடம் மாறினாலும் ஆட்களுக்கு நடுவில் அதன் இடம் மாறவில்லை.

---

நூலளவு எழுதியது:

இதை ஏற்கிறேன். கிரேக்கர் கப்பலில் கொண்டுபோன நெருப்பும் போன இடத்தில் மண்டபத்தின் நடுவில்தான் இறங்கியது.

---

குடிக்கணக்கு எழுதியது:

அப்படியானால் சுற்றி உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதும் சேரும். பாலி வீஸ்னர் என்ற மானுடவியலாளர் ஆப்பிரிக்காவின் தெற்கே நமீபியா, போட்ஸ்வானா பகுதியில் வாழும் ஜூ/’ஹோவான்சி மக்களின் பேச்சைப் பகல், இரவு என்று பிரித்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டார். பகல் பேச்சில் கதை 6 விழுக்காடு. மற்றதில் பெரும்பகுதி வேலை, குறை, கிண்டல். இரவில் நெருப்பைச் சுற்றிய பேச்சில் 81 விழுக்காடு கதை. தூரத்து உறவினர், பழைய பயணம், முறிந்த திருமணம், இறந்தவர். நெருப்பு, உழைக்க முடியாத சில மணிநேரத்தை விழித்திருக்கும் நேரமாக்கிக் கொடுத்திருக்கிறது. அடுப்பின் பயன்களில் இதை மேலேயே வைப்பேன்.

---

புகைக்கண் எழுதியது:

காற்று திரும்பினால் எழுந்து மறுபக்கம் போகலாம் என்பது வெளியிடத்துக்குச் சரி. சுவருக்குள் அடுப்பு வந்தபிறகு சமைக்கிறவள் எங்கே எழுந்து போவாள்? அடுப்பு வீட்டுக்குள் வந்ததில் கூடியிருந்த பலர் விலகிப்போனார்கள், ஒருத்தி மட்டும் புகையோடு தங்கிவிட்டாள். வீஸ்னரின் 81 விழுக்காட்டைப் படிக்கும்போது எனக்கு அதுதான் தோன்றுகிறது.

எரிவாயுவோ மின்சாரமோ வரட்டும். ஆனால் மூன்றுகல் சொன்னபடி, விளக்குக்கும் குளிருக்கும் சேர்த்து வழிசெய்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் புதிய அடுப்பு ஒரு மூலையில் இருக்கும், பழையது எரிந்துகொண்டே இருக்கும்.

---

தணல் எழுதியது:

இடத்தில் தொடங்கினேன், ஆட்களுக்கு நடுவில் உள்ள இடம் என்று அகழ்வுக்குழி கொண்டுவந்து சேர்த்தது எனக்கு முழு உடன்பாடு. புகைக்கண் சொன்னதும் அதோடு சேர்கிறது: ஆட்கள் விலகிய அடுப்பு வெறும் வேலைத்தலம்.

கடைசியாக அகழ்வுக்குழிக்கு ஒரு கேள்வி. இண்டக்ஷன் அடுப்பில் சமைக்கும் வீட்டை ஆயிரம் ஆண்டு கழித்துத் தோண்டினால், அடுப்பு எங்கே இருந்தது என்று சொல்ல முடியுமா?

---

அகழ்வுக்குழி எழுதியது:

வெந்த மண் இல்லை, சாம்பல் இல்லை, காந்தப் பதிவு இல்லை. எங்கள் வழக்கமான சான்று எதுவும் கிடைக்காது. கழிவையும் அன்றன்றே ஊர்க் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், ஆகவே வளையமும் இருக்காது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் சந்திக்கிற சுவரை முதலில் பார்ப்பேன். அப்புறம் தரையின் தேய்மானம்: ஒரு ஆள் நீண்ட நேரம் நின்ற இடத்தில் தரை மெருகேறியிருக்கும். தரை இடுக்குகளில் எண்ணெய்க் கொழுப்பின் வேதித்தடம் இருக்கிறதா என்று மண் எடுத்துச் சோதிப்பேன். சமைத்த இடத்தை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். அந்த வீட்டுக்காரர்கள் எங்கே கூடி உட்கார்ந்தார்கள் என்பதை அங்கே தேடமாட்டேன். அதற்கு வேறு அறையைத் தோண்ட வேண்டும்.